மென்பொருளை நீக்கியும் நீலத்திரை நிற்கவில்லை: மிச்சமிருக்கும் டிரைவரை எப்படி அகற்றுவது?

கேள்வி: திருமண வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். பழைய மினிடிவி கேசட்டுகளை ஃபயர்வயர் கார்டு வழியாக ஏற்றுவதற்காகவே ஒரு விண்டோஸ் 7, 64 பிட் கணினியை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் இன்டர்நெட் கிடையாது. பழைய வாடிக்கையாளர்களின் டிவிடிகள் சுமார் 300 இமேஜ் ஃபைல்களாக இருக்கின்றன. பெரும்பாலும் எம்டிஎஃப், என்ஆர்ஜி வகை, சில ஐஎஸ்ஓ. இவற்றைத் திறக்க ஒரு விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள் போட்டிருந்தேன். சில ஃபைல்கள் திறக்காததால் இன்னொன்றையும் போட்டேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு மூன்று முறை நீலத்திரை வருகிறது. இரண்டையும் அன்-இன்ஸ்டால் செய்தும் நிற்கவில்லை. இப்போது டிவிடி ரைட்டரும் காணாமல் போய்விட்டது. சேஃப் மோடில் ஏறினால் எஸ்பிடிடி.சிஸ் என்ற ஃபைல் ஏறுவதை நிறுத்த எஸ்கேப் அழுத்தச் சொல்லி ஒரு வரி வருகிறது. சர்வீஸ் செய்பவர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார். செய்தால் எடிட்டிங் மென்பொருளின் ஆக்டிவேஷன் போய்விடும். வேறு வழி உண்டா? விண்டோஸ் 10 உள்ள இன்னொரு கணினியில் இந்த இமேஜ்களை எப்படித் திறப்பது?

பதில்: ஃபார்மட் செய்யும் நிலை இன்னும் வரவில்லை. மென்பொருளை நீக்கிய பிறகும் தொடரும் நீலத்திரை, காணாமல் போன ரைட்டர், சேஃப் மோடில் தெரியும் அந்த ஒரு வரி, மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. நீங்கள் நீக்கியது மென்பொருளின் முகத்தை மட்டும். அது கொண்டுவந்த டிரைவர் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை கணினி ஏறும்போதும் அதுவும் ஏறுகிறது.

விர்ச்சுவல் டிரைவ் வேலை செய்யும் விதம் தெரிந்தால் அடுத்துச் செய்யவேண்டியது எளிதாகப் புரியும். இல்லாத ஒரு டிவிடி டிரைவை இருப்பதாக விண்டோஸை நம்பவைக்க வேண்டும். சாதாரண புரோகிராமால் இது முடியாது. விண்டோஸின் மையப்பகுதியான கர்னலுக்குள் ஒரு டிரைவர் உட்கார்ந்து, தன்னை ஒரு ஸ்கஸி கன்ட்ரோலராக, அதாவது டிஸ்க் டிரைவுகளை இணைக்கும் ஒரு கார்டாக, காட்டிக்கொள்ளும். ‘இந்த செக்டரை (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டை) படி’ என்று விண்டோஸ் கட்டளை அனுப்பினால், இமேஜ் ஃபைலில் அதற்குரிய 2048 பைட்டுகளை எடுத்துக் கொடுக்கும். சாதாரண புரோகிராமில் பிழை நேர்ந்தால் அந்த ஜன்னல் மட்டும் மூடிக்கொள்ளும். கர்னலுக்குள் பிழை நேர்ந்தால், அடுத்து எந்த நினைவகத்தை அது கெடுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் உங்கள் ஃபைல்களைக் காப்பாற்ற விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. நீலத்திரை என்பது அதுதான்.

எஸ், பி, டி, டி என்ற நான்கு எழுத்துகளின் விரிவு ‘ஸ்கஸி பாஸ் த்ரூ டைரக்ட்’. டூப்ளக்ஸ் செக்யூர் என்ற நிறுவனத்தின் டிரைவர் இது. டீமன் டூல்ஸின் பழைய பதிப்புகள், ஆல்கஹால் 120% இரண்டுமே இதைத்தான் நம்பியிருந்தன. விண்டோஸ் ஏறும் வரிசையில் மிக முன்னால், ஹார்ட் டிஸ்க் டிரைவர்களோடு சேர்ந்தே இது ஏறும். 2000-களில் வந்த கேம் டிஸ்க்குகளில் சேஃப்டிஸ்க், செக்யூராம், ஸ்டார்ஃபோர்ஸ் போன்ற நகல் தடுப்புகள் இருந்தன. விர்ச்சுவல் டிரைவ் இருப்பது தெரிந்தால் கேம் ஓடாது. அவற்றின் கண்ணில் படாமலிருக்க இந்த டிரைவர் தன்னை மறைத்துக்கொண்டது. ஸ்டோரேஜ் டிரைவர்களின் பாதையில் கொக்கி போட்டது. ரூட்கிட் எனப்படும் ஒளிந்திருக்கும் தீய மென்பொருளைத் தேடும் கருவிகள் இதைப் பார்த்து அலறியதும், கர்னல் டீபக்கர் இயக்கத்தில் இருந்தால் இது வேலை செய்ய மறுத்ததும் இந்த மறைவு விளையாட்டால்தான். திருமண டிவிடியைத் திறக்க இதில் எதுவுமே தேவையில்லை என்பதுதான் வருத்தம்.

மென்பொருளை கன்ட்ரோல் பேனலில் நீக்கினால் எஸ்பிடிடி கூடவே போகாது. அதற்குத் தனி நிறுவி, தனி நீக்கம். நீங்கள் இரண்டு மென்பொருள் போட்டபோது அவை ஒரே டிரைவரைப் பங்கு போட்டிருக்கக்கூடும். இரண்டாவது வந்தது டிரைவரின் வேறு பதிப்பை மேலே எழுதினால், முதலாவது தனக்குப் பழகாத பதிப்போடு பேசவேண்டிய நிலை. விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள் ஒரு கணினிக்கு ஒன்று போதும். இரண்டு என்றாலே தொல்லைக்கு வழி.

ஊகத்தில் கைவைக்க வேண்டாம், முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி’ பகுதியின் செட்டிங்ஸ் பொத்தான். ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். நீலத்திரை அப்படியே நிற்கும், படித்துக்கொள்ளலாம், கைப்பேசியில் படமும் எடுக்கலாம். கீழே ‘ஸ்மால் மெமரி டம்ப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்; விழுந்த நேரத்து நினைவகத்தின் சிறு பதிவு அது. இடம் மிச்சம் பிடிக்க சி டிரைவில் பேஜ் ஃபைலை (ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை) யாராவது நிறுத்தியிருந்தால் டம்ப் எழுதப்படாது. அதையும் பார்த்து, இல்லையென்றால் திரும்ப வைத்துவிடுங்கள்.

அடுத்த முறை விழும்போது சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற ஃபோல்டரில் ஒரு சிறிய ஃபைல் சேரும். நிர்சாஃப்டின் ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவசக் கருவியை வேறு கணினியில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவாருங்கள்; இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. மேல் பாதியில் ஒவ்வொரு விபத்தும் ஒரு வரியாக இருக்கும். கீழ் பாதியில், விழுந்த நேரத்தில் ஸ்டாக்கில், அதாவது நடந்துகொண்டிருந்த வேலைகளின் அடுக்கில், இருந்த டிரைவர்கள் இளஞ்சிவப்பில் தெரியும். ஐந்தாறு விபத்துகளில் எஸ்பிடிடி, அல்லது ‘டிடிசாஃப்ட்பஸ்’ என்று தொடங்கும் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஆள் அகப்பட்டது. டீமன் டூல்ஸின் பிந்தைய பதிப்புகள் எஸ்பிடிடியை விட்டு இந்த டிடிசாஃப்ட்பஸ் டிரைவருக்கு மாறின.

இங்கே இரண்டு இடங்களில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். காரணம் என்ற இடத்தில் ‘என்டிஓஎஸ்கர்னல்’ என்று வந்தால் விண்டோஸே கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. பிழையைக் கண்டுபிடித்த இடம் கர்னல், அவ்வளவுதான். குற்றவாளி அதற்குக் கீழே உள்ள பட்டியலில் இருப்பார். அடுத்தது, சேஃப் மோடில் ஏறும்போது ஃபைல் பெயர்கள் வரிசையாக ஓடி ஒரு வரியில் நின்றுவிட்டால், அந்த வரியில் இருக்கும் ஃபைல் மீது பழி போடாதீர்கள். அது ஏறி முடித்தது; சிக்கல் அதற்குப் பிறகு வந்தது.

திரையில் வரும் பெயரும் கொஞ்சம் சொல்லும். ‘டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’, ‘சிஸ்டம் த்ரெட் எக்ஸெப்ஷன் நாட் ஹேண்டில்டு’ இரண்டும் பெரும்பாலும் டிரைவர் தகராறு. ‘கிரிட்டிக்கல் ஸ்ட்ரக்சர் கரப்ஷன்’ என்று வந்தால், 64 பிட் விண்டோஸில் கர்னலின் பகுதியை யாரோ மாற்றியிருப்பதை அதன் காவல் அமைப்பு பிடித்திருக்கிறது. கொக்கி போடும் டிரைவர் இருக்கும் கணினியில் அந்த டிரைவரே முதல் சந்தேகத்துக்குரியது, அடுத்தது ராம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர், வேறு வேறு டிரைவர் என்றால் ராமையே முதலில் பாருங்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கைவைக்கும் முன் மூன்று காப்புகள் வேண்டும். வாடிக்கையாளர் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். சிஸ்டம் புரொடக்ஷனில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். விண்டோஸ் 7 டிவிடியையும், அதைப் படிக்க ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவையும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், உங்கள் ரைட்டர் இப்போது நம்பத் தகுந்த நிலையில் இல்லை. ஃபயர்வயருக்கு விண்டோஸ் 7-இல் பல ஸ்டுடியோக்காரர்கள் ‘லெகஸி’ என்று முடியும் 1394 டிரைவரைப் போட்டிருப்பார்கள். டிவைஸ் மேனேஜரில் உங்களுடையது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரீஸ்டோர் செய்ய நேர்ந்தால் அது மாறிவிட வாய்ப்பு உண்டு. பிறகு கேம்கார்டர் தெரியவில்லை என்று வேறு திசையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போது வேலை. டிரைவரை உடனே அழிக்காதீர்கள், முதலில் முடக்குங்கள். முடக்கினால் திரும்ப எழுப்பலாம். அழித்துவிட்டு வருந்த முடியாது. ஸ்டார்ட் மெனுவில் ரெஜ்எடிட் தட்டி, ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ் என்று இறங்குங்கள். அங்கே எஸ்பிடிடி என்ற ஃபோல்டர் இருக்கும். வலப்பக்கம் ‘ஸ்டார்ட்’ என்ற மதிப்பு 0 ஆக இருக்கும். 0 என்றால் பூட்டோடு ஏறு, 1 என்றால் சிஸ்டத்தோடு, 2 தானாக, 3 கேட்டால் மட்டும், 4 என்றால் ஏறவே ஏறாதே. அதை 4 ஆக்குங்கள். வேறு எதையும் தொடவேண்டாம். ரெஜிஸ்ட்ரிக்குள் போகப் பயமாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸ் கருவியை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘டிரைவர்ஸ்’ தாவலில் எஸ்பிடிடிக்கு முன்னால் உள்ள டிக்கை எடுங்கள், பலன் ஒன்றே. பிறகு ரீஸ்டார்ட்.

கணினியே ஏற மறுத்து விழுந்துகொண்டிருந்தால்தான் நீங்கள் பார்த்த அந்த வரி உதவிக்கு வரும். எஃப்8 அழுத்தி சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்து, அந்த வரி வரும் சில நொடிகளுக்குள் எஸ்கேப் அழுத்துங்கள். அந்த ஒரு முறைக்கு டிரைவர் ஏறாது. உள்ளே போய் மேலே சொன்ன மாற்றத்தைச் செய்துவிடலாம்.

முடக்கிய நிலையில் மூன்று நாள் வழக்கமான வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கேசட் ஏற்றுங்கள், ரெண்டர் விடுங்கள், ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள். தினமும் இரண்டு மூன்று முறை விழுந்த கணினி மூன்று நாள் விழாமலிருந்தால் காரணம் உறுதி. அதன் பிறகே நிரந்தரமாக நீக்குங்கள். எஸ்பிடிடியின் நிறுவி 32 பிட், 64 பிட் என இரண்டாகக் கிடைக்கும். உங்களுக்கு 64. ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ தாவலில் டூப்ளக்ஸ் செக்யூர் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள். கண்ட தளங்களிலிருந்து இறக்கிய டிரைவர் நிறுவி, இருக்கும் நோயை விடப் பெரிய நோயைக் கொண்டுவரும். ஓட்டினால் இன்ஸ்டால், அன்-இன்ஸ்டால் இரண்டு பொத்தான்கள் தெரியும். அன்-இன்ஸ்டால் மங்கலாக இருந்தால் டிரைவர் ஏற்கெனவே இல்லை. இல்லையென்றால் அழுத்துங்கள், ரீஸ்டார்ட் கேட்கும், கொடுங்கள்.

அதன் பிறகும் ரெஜிஸ்ட்ரியில் எஸ்பிடிடி என்ற பெயரும் அதற்குள் பூட்டிய ஓர் உள் ஃபோல்டரும் மிஞ்சியிருக்கலாம். அழிக்க முயன்றால் அனுமதி இல்லை என்று வரும். டிரைவர் ஃபைல் போய்விட்டால் அது வெறும் பெயர்ப்பலகை. உரிமைகளை மாற்றி, பூட்டை உடைத்து அழிக்க மணிக்கணக்கில் போராட வேண்டாம். அதேபோல டிரைவர்ஸ் ஃபோல்டரில் போய் ஃபைலை மட்டும் டெலிட் செய்யும் குறுக்கு வழியும் வேண்டாம். பூட் சமயத்தில் ஏறவேண்டியது என்று ரெஜிஸ்ட்ரி சொல்லும் ஃபைல், டிஸ்க்கில் இல்லை என்றால் கணினி எழாமல் போகும் ஆபத்து உண்டு.

டிவைஸ் மேனேஜரையும் ஒருமுறை பாருங்கள். வியூ மெனுவில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ கொடுத்தால், ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ் பகுதியில் ‘விர்ச்சுவல்’ என்ற சொல்லோடு ஏதாவது நிற்கலாம். ரைட் கிளிக், அன்-இன்ஸ்டால், டிரைவர் மென்பொருளையும் அழி என்ற பெட்டி வந்தால் அதில் டிக். பக்கத்தில் இருக்கும் சாட்டா, ஏஹெச்சிஐ கன்ட்ரோலர்கள்தான் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தாங்குபவை. கை தவறிக்கூட அங்கே போகக்கூடாது.

டிவிடி ரைட்டர் விஷயம் தனி. டிவைஸ் மேனேஜரில் ரைட்டரின் பெயர் மஞ்சள் குறியோடு இருந்து, பிராப்பர்ட்டீஸில் கோடு 19, 31, 32, 39, 41 இவற்றில் ஒன்று வந்தால் அது ஃபில்டர் சிக்கல். பெயரே இல்லை என்றால் சாட்டா கேபிளையும் பயாஸையும் பாருங்கள். அது மென்பொருளின் வேலை அல்ல.

ஃபில்டர் என்பது, சிடி டிரைவின் டிரைவருக்கு மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும் துணை டிரைவர்கள். எழுதும் மென்பொருள்கள் தங்கள் பெயரை ரெஜிஸ்ட்ரியில் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ என்ற இரண்டு பட்டியல்களில் போட்டுவைக்கும். மென்பொருளை நீக்கும்போது ஃபைல் போய், பட்டியலில் பெயர் மட்டும் தங்கிவிட்டால் அந்த டிரைவ் தொடங்காது. கரண்ட்கன்ட்ரோல்செட்டுக்குள் கன்ட்ரோல், அதற்குள் கிளாஸ். அங்கே நெளிவு அடைப்புக்குறிக்குள் நீண்ட நீண்ட பெயர்கள் வரிசையாக இருக்கும். 4டி36இ965 என்று தொடங்குவது சிடி, டிவிடி டிரைவுகளுக்கானது. முதலில் அதில் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுங்கள். பிறகு வலப்பக்கம் ‘கிளாஸ்’ என்ற மதிப்பில் ‘சிடிராம்’ என்று இருப்பதைக் கண்ணால் பாருங்கள். இருந்தால் மட்டும் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் டெலிட் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரைட்டர் திரும்பி வரும்.

இதில் ஒரே ஓர் எண் தவறினால் என்ன ஆகும் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். பெயரின் முதல் பகுதி 967 என்று முடிவது ஹார்ட் டிஸ்க்குகளுக்கானது. அங்கே உள்ள அப்பர்ஃபில்டர்ஸில் ‘பார்ட்எம்ஜிஆர்’ என்ற பார்ட்டிஷன் மேனேஜர் இருக்கிறது. அதை அழித்தால் விண்டோஸ் தன் சொந்த டிஸ்க்கையே படிக்க முடியாமல் நிற்கும். முதல் பகுதி 96பி என்று முடிவது கீபோர்டு. அங்கே அழித்தால் கீபோர்டு செத்துவிடும், பாஸ்வேர்டுகூடத் தட்ட முடியாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. அழிக்கும் முன் அப்பர்ஃபில்டர்ஸைத் திறந்து உள்ளே இருக்கும் பெயரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘கியர்ஆஸ்பி’ என்று தொடங்கினால் அது ஐடியூன்ஸ் போட்டது. ஐடியூன்ஸில் சிடி எழுதுபவராக இருந்தால் பிறகு அதை மறுபடி நிறுவவேண்டி வரும்.

ஒருவேளை எங்கோ தவறி, கணினி சேஃப் மோடிலும் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஃபார்மட் இல்லை. முதலில் எஃப்8 மெனுவில் ‘லாஸ்ட் நோன் குட் கான்ஃபிகரேஷன்’. கடைசியாக வெற்றிகரமாக உள்ளே நுழைந்தபோது இருந்த டிரைவர் அமைப்பை இது திரும்பக் கொண்டுவரும். மாற்றத்துக்குப் பிறகு ஒருமுறைகூட லாகின் ஆகாமல் இருந்தால்தான் பலன்.

அதிலும் வழியில்லை என்றால் விண்டோஸ் 7 டிவிடியிலிருந்து பூட் செய்து, ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ போய், கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ரெஜ்எடிட் தட்டுங்கள். இப்போது திறப்பது டிவிடியின் ரெஜிஸ்ட்ரி, உங்களுடையது அல்ல. ஹெச்கீ லோக்கல் மெஷினைச் சொடுக்கி, ஃபைல் மெனுவில் ‘லோட் ஹைவ்’ கொடுங்கள்; ஹைவ் என்பது ரெஜிஸ்ட்ரி சேமிக்கப்படும் ஃபைல். உங்கள் விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதில் ‘சிஸ்டம்’ என்ற எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல். இங்கே டிரைவ் எழுத்து இடம் மாறியிருக்கலாம். 100 எம்பி ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ பகுதி சி ஆகவும், உங்கள் வழக்கமான சி இங்கே டி ஆகவும் தெரிவது சகஜம். ஏதாவது ஒரு பெயர் கொடுத்து ஏற்றியதும் அதற்குள் ‘செலக்ட்’ என்பதைத் திறந்து ‘கரண்ட்’ என்ற மதிப்பைப் பாருங்கள். 1 என்றால் கன்ட்ரோல்செட்001, 2 என்றால் 002. அந்தச் செட்டுக்குள் சர்வீசஸ், எஸ்பிடிடி, ஸ்டார்ட், 4. முடித்ததும் நீங்கள் வைத்த பெயரைத் தேர்ந்தெடுத்து ‘அன்லோட் ஹைவ்’ கொடுக்க மறக்கவேண்டாம். பிறகு ரீஸ்டார்ட்.

டிரைவர் முழுதும் போன பிறகும் விழுந்தால், விர்ச்சுவல் டிரைவை விட்டுவிட்டு ஹார்டுவேர் பக்கம் திரும்புங்கள். மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள், குறைந்தது நான்கு சுற்று. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ராம் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஹார்ட் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். ‘ரீஅலோகேட்டட்’, ‘பென்டிங்’ செக்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றவேண்டும். டம்ப்பில் ‘என்வி’ என்று தொடங்கும் கிராஃபிக்ஸ் டிரைவரே வந்துகொண்டிருந்தால், ரெண்டர் நேரத்தில் கார்டின் சூட்டையும் விசிறியில் படிந்த தூசியையும் பாருங்கள்.

இனி இமேஜ்கள். உங்களுடையவை நீங்களே உருவாக்கிய டிவிடிகள், நகல் தடுப்பு எதுவும் கிடையாது. அதனால் பெரும்பாலான வேலைக்கு விர்ச்சுவல் டிரைவே வேண்டாம். ஐஎஸ்ஓ ஃபைலை விஎல்சி பிளேயர் நேரடியாகவே டிவிடிபோல ஓட்டும். உள்ளே இருக்கும் விஓபி ஃபைல்களை எடுக்கவேண்டுமென்றால் 7-ஜிப் அவிழ்த்துக் கொடுக்கும்.

எம்டிஎஃப் பற்றி ஒரு நல்ல செய்தி. டிவிடியிலிருந்து எடுத்த எம்டிஎஃப், செக்டருக்கு 2048 பைட் என்ற கணக்கில் இருந்தால் அது ஐஎஸ்ஓவேதான், பெயர் மட்டும் வேறு. ஒரு நகல் எடுத்து எக்ஸ்டென்ஷனை ஐஎஸ்ஓ என்று மாற்றி 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். ‘வீடியோ டிஎஸ்’ ஃபோல்டர் தெரிந்தால் வேலை முடிந்தது. திறக்காவிட்டால் அது 2352 பைட் செக்டர்கொண்ட சிடி வகையாக இருக்கலாம். என்ஆர்ஜி நீரோவின் வடிவம். ஒரே டிராக் உள்ள டேட்டா இமேஜில் முதல் 3,07,200 பைட்டுகள், அதாவது 150 செக்டர், தாண்டித்தான் உண்மையான டிஸ்க் தொடங்குகிறது; பெயர் மாற்றினால் மட்டும் இது ஓடாது என்பதற்கு அதுவே காரணம்.

என்ஆர்ஜிக்கும் பெயர் மாற்றத்துக்கு அடங்காத எம்டிஎஃப்புக்கும் வின்சிடிஇமு என்ற திறந்த மூல மென்பொருளைப் போடுங்கள். ஐஎஸ்ஓ, க்யூ, என்ஆர்ஜி, எம்டிஎஸ், சிசிடி, ஐஎம்ஜி எல்லாம் திறக்கும். எஸ்பிடிடி அதில் இல்லை. எம்டிஎஃப் இமேஜுக்கு அதன் பக்கத்தில் இருக்கும் சிறிய எம்டிஎஸ் ஃபைலைத்தான் சொடுக்கவேண்டும். இன்டர்நெட்டே காணாத விண்டோஸ் 7-இல் புதிய டிரைவர் எதையும் நிறுவும்போது கோடு 52 என்று வந்தால், கையொப்பச் சிக்கல்: புதிய டிரைவர்களின் ஷா-256 கையொப்பத்தைப் புரிந்துகொள்ள 2015 மார்ச்சில் வந்த கேபி3033929 என்ற அப்டேட் வேண்டும். வேறு கணினியில் இறக்கிக் கொண்டுவந்து போடுங்கள்.

இந்த வேலையை விண்டோஸ் 10 கணினியில் செய்வதே நல்லது. விண்டோஸ் 8 முதல், ஐஎஸ்ஓ ஃபைலில் ரைட் கிளிக் செய்து ‘மவுண்ட்’ கொடுத்தால் விண்டோஸே ஒரு டிரைவாகத் திறக்கும். முடிந்ததும் அந்த டிரைவில் ரைட் கிளிக், ‘எஜெக்ட்’. மவுண்ட் என்ற சொல் வரவில்லை என்றால் வேறு மென்பொருள் அந்த ஃபைல் வகையைப் பிடித்துவைத்திருக்கிறது. ‘ஓபன் வித்’ போய் விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில், கம்ப்ரெஸ் செய்யாத ஃபோல்டரில் இருக்கவேண்டும். வெளி டிஸ்க்கில் உள்ள இமேஜை மவுண்ட் செய்திருக்கும்போது கேபிளை உருவாதீர்கள். முதலில் எஜெக்ட், பிறகு கேபிள்.

அந்தக் கணினியிலும் பழைய விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள் இருந்தால் நீக்கிவிட்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள், ‘ஷட்டவுன்’ போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுன் என்பது கர்னலை அப்படியே டிஸ்க்கில் உறையவைத்து, அடுத்த முறை உருக்கி எடுப்பதுதான். ஏறியிருந்த டிரைவர் ஏறியபடியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். மிச்சம் ஏதும் இருக்கிறதா என்பதை விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கோர் ஐசொலேஷன்’ பகுதியில் பார்க்கலாம். ‘மெமரி இன்டெக்ரிட்டி’யை இயக்க முயன்றால் பொருந்தாத பழைய டிரைவர்களின் ஃபைல் பெயரைப் பட்டியலிட்டுக் காட்டும்.

மொத்தத்தையும் ஐஎஸ்ஓவாக மாற்றிவைத்துவிட்டால் இனி எந்தக் கணினியிலும் கவலையில்லை. பெயர் மாற்றத்தில் அடங்காதவற்றை வின்சிடிஇமுவில் மவுண்ட் செய்து, இம்க்பர்னில் ‘கிரியேட் இமேஜ் ஃபைல் ஃப்ரம் டிஸ்க்’ கொடுத்து, அந்த விர்ச்சுவல் டிரைவையே மூலமாகக் காட்டுங்கள். உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும் டிவிடியை விண்டோஸ் 4.38 ஜிபி என்று காட்டும். 300 டிவிடியும் நிறைந்தவை என்றாலும் சுமார் 1.3 டிபி, 2 டிபி டிஸ்க் ஒன்று தாராளம். அந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும், ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைல் நிற்காது. படிக்கும் டிஸ்க்கும் எழுதும் டிஸ்க்கும் வேறு வேறாக இருந்தால் ஒரு டிவிடிக்கு ஓரிரு நிமிடம்தான் ஆகும். ஒவ்வொன்றையும் விஎல்சியில் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்த பிறகே பழைய இமேஜை அழியுங்கள்.